மனநோய் வில்லங்கம் ஏதும் இல்லை

ராஜபாளையம் வட்டாரத்தில் ஒருவருக்கு மனசு கெட்டுப்போவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. படித்தவன், படிக்காதவன், மில்லுக்குப் போகிறவன், பட்டாளத்துக்குப் போனவன் என்று யாருக்கு வேண்டுமானாலும் அது வரும். விண்ணப்பம் கேட்காது, நேர்காணல் வைக்காது. ஆனால் அப்படிக் கெட்டுப்போன மனசைப் பார்க்கப் படிக்க வேண்டும் என்றால் மட்டும் தகுதி வேண்டும். எவ்வளவு தகுதி என்று முடிவு செய்வதற்காகவே ஊருக்கு வெளியே, மூடிப்போன நூல் மில் ஒன்றின் பஞ்சு மூட்டைக் கிட்டங்கியில், அகவொளி மனநல மேற்பயிற்சி நிலையம் நடந்து வந்தது.

அங்கே மருத்துவ உளவியல் முதுநிலைப் பயிற்சிக்கு நாலே நாலு இடம். அந்த நாலு இடத்துக்கு ஆள் எடுக்க வருஷம் பூராவும் வேலை நடக்கும். மிச்ச நேரம் இருந்தால் நோயாளிகளையும் பார்ப்பார்கள்.

மம்சாபுரம் மாரிச்செல்விக்கு அந்த நாலில் ஒன்று வேண்டும். உளவியலில் எம்.ஏ. முடித்திருந்தாள், நல்ல மார்க். வேலைக்காகவோ பேருக்காகவோ அவள் அந்த இடத்தைக் கேட்கவில்லை. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான்.

அண்ணன் பாண்டிதுரை பட்டாளத்துக்குப் போய், கொஞ்ச வருஷத்திலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன். ஃபேன் சுற்றும்போது அதற்குள்ளிருந்து மேஜர் பேசுகிறார் என்பான். நிறுத்தினால் மேஜருக்குக் கோபம் வரும் என்று, கரண்ட் போகிற நேரமெல்லாம் எழுந்து விறைப்பாக நின்று மன்னிப்புக் கேட்பான். மற்றபடி அவனைப்போலப் பிரியமானவன் அந்தத் தெருவில் கிடையாது. தங்கையை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்றுகொண்டிருப்பான்.

செல்வியைப் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், அந்த வீட்டில் வாசல் தெளிக்கும் முன்பு நடக்கிற காரியம் ஒன்று உண்டு. பாண்டிதுரையைச் செட்டியார்பட்டித் தாய்மாமன் வேல்பாண்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வந்தவர்கள் கேட்டால் அம்மா வெள்ளத்தாய், "மூத்தவன் பட்டாளத்துல இருக்கான்" என்று ஒரு ராகத்தோடு சொல்லுவாள். அந்தப் பக்கத்தில் இப்படிப் பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. யாரும் யாரையும் தோண்டிக் கேட்பதில்லை.

பாண்டிதுரையும் முரண்டு பிடிக்க மாட்டான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏட்டி செல்வி, மூஞ்சியச் சிரிச்சாப்புல வச்சிக்கோ, என்னா" என்று சொல்லிவிட்டுப் போவான். ஒரு தடவை அப்படிப் போய்த் திரும்பி வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்காமா?" என்று கேட்டான். முகமெல்லாம் அப்படி ஓர் ஆசை. அன்றைக்குத்தான் செல்வி முடிவு செய்தாள்: இனி இந்த வீட்டுக்கு எவன் வந்தாலும் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு நான் படிக்க வேண்டும்.

நிலையத்தின் கண்காணிப்பாளர் சுப்புராஜ் நல்ல மனிதர். விதியைச் சொல்லும்போதுகூடச் சிரித்த முகமாகவே சொல்லுவார்.

"பயிற்சியில சேரணும்னா முன்அனுபவம் வேணும்மா. மருத்துவ உளவியலாளர் ஒருத்தருக்குக் கீழ வேலை பார்த்திருக்கணும்."

"இந்தப் பக்கத்துல மருத்துவ உளவியலாளர் எங்க சார் இருக்காங்க?"

"இங்கதான் இருக்காங்க."

"அப்ப இங்கயே வேலை பார்க்கலாமா சார்?"

"பயிற்சி முடிக்காதவங்களுக்கு இங்க வேலை கிடையாதும்மா."

"பயிற்சியில சேர அனுபவம் வேணும்ங்கீங்க."

"ஆமா."

"அனுபவத்துக்கு வேலை வேணும். வேலைக்குப் பயிற்சி வேணும்."

"பாத்தியளா, எம்புட்டுச் சீக்கிரமாப் பிடிச்சிக்கிட்டிய!" என்று சுப்புராஜ் மனதாரப் பாராட்டினார். "சில பேருக்கு இது விளங்கவே ரெண்டு மூணு தடவை வர வேண்டியிருக்கு."

செல்வி தயங்கினாள். தெரிந்தவர் வீட்டில் ஒருவரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்ட பழக்கம் உண்டு என்று மெல்லச் சொன்னாள். சாப்பிட வைப்பது, மாத்திரை கொடுப்பது, பயந்து எழும்போது கூடவே உட்கார்ந்திருப்பது.

"அதெல்லாம் பாசத்துல சேர்ந்துரும்மா. அனுபவத்துல வராது."

கடைசியில் சுப்புராஜே ஒரு வழி சொன்னார். புறநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற மேசையில் ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்தால் அது 'நோயாளித் தொடர்பு' என்று கணக்கில் வரும். செல்வி உட்கார்ந்தாள். டோக்கன் வாங்குகிறவர்களிடம் பேசக்கூடாது என்பது அந்த மேசையின் விதி. அவர்கள் அழுதால் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. வருஷம் முடிந்ததும், 'நோயாளிகளோடு நெருங்கிப் பழகிய அனுபவம் உடையவர்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

பிறகு நுழைவுத் தேர்வு. இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. தவறான விடைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. உங்கள் எதிரில் ஒருவர் அழுகிறார், முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. தண்ணீர் கொடுப்பேன் என்பதைத் தேர்ந்தெடுத்த அத்தனை பேருக்கும் மார்க் குறைந்தது. அழுகையின் வகையைக் குறித்துக்கொள்வேன் என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்தது. செல்வி தண்ணீர்தான் கொடுத்திருந்தாள். இருந்தும் மற்ற கேள்விகளில் ஏதோ தேறிவிட்டாள்.

தேறியவர்களையும் பெற்றோரையும் கூட்டி வைத்து இயக்குநர் டாக்டர் கௌதம்ராஜ் உரையாற்றினார். வெள்ளை முழுக்கை, தங்க விளிம்புக் கண்ணாடி. குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் போகும். அந்தக் குரலுக்காகவே வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர் என்று பேச்சு.

"மனநோயாளியை ஒதுக்கி வைக்கும் சமூகம் நாகரிகமற்ற சமூகம்" என்று தொடங்கினார். "அந்த ஒதுக்கலை எதிர்த்துப் போராடவே இந்த நிலையம் தொடங்கப்பட்டது. ஆகவேதான், மனநோயாளி இருக்கும் குடும்பத்திலிருந்து வருகிறவர்களை நாம் சேர்ப்பதில்லை. அவர்கள் இந்தப் போராட்டத்தைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். இரக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் அது இங்கே நாங்கள் கற்றுக்கொடுக்கும் இரக்கமாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து எடுத்து வரக்கூடாது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க நோயாளிகளோடு இருக்கிறேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அதற்குப் பெயர்தான் பயிற்சி. தகுதி என்று ஒன்று வைக்காவிட்டால், எல்லோரும் எல்லோருக்கும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் நாம் எதற்கு?"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. செல்வியின் அப்பா சீனிச்சாமி, அவரும் பழைய பட்டாளத்துக்காரர், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செல்வி கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் மனநோய் இல்லை என்று வருவாய்த்துறைச் சான்று கொண்டுவர வேண்டும் என்று கூட்டத்தின் முடிவில் சுப்புராஜ் அறிவித்தார்.

மம்சாபுரம் கிராம நிர்வாக அலுவலர் பால்சாமி அதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"மூணு தலைமுறையா? ஏம்மா, எங்க வீட்டுல இப்ப உயிரோட இருக்க மூணு பேருக்கே என்னால கையெழுத்துப் போட முடியாதே."

செல்வி விண்ணப்பத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"உங்க அண்ணன் பாண்டிதுரையக் காலையிலதான் டீக்கடையில பாத்தேன். 'சௌக்கியமா அண்ணாச்சி'ன்னு விசாரிச்சான். தங்கமான பய." கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினார். "அவன் பட்டாளத்துலல்லா இருக்கான்."

தன் வேலைக்கே உலை வைக்கக்கூடிய பொய்யை ஒருவர் இவ்வளவு பிரியமாகச் சொல்லிக் கொடுத்ததில் செல்விக்கு அழுகை வந்தது. வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

தாலுகா ஆபீசில் துணை வட்டாட்சியர் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பினார்.

"சாதி இருக்கு, வருமானம் இருக்கு, இருப்பிடம் இருக்கு, வாரிசு இருக்கு. கிறுக்கு இல்லைங்கிறதுக்கு கவர்மெண்ட்டு இன்னும் மாதிரி அனுப்பலை. மாதிரி இல்லாம நான் எதைப் பார்த்து எழுதுறது?"

ஆபீசில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். கடைசியில் ஒருவருக்குப் பத்திர ஆபீசில் நிலத்துக்குக் கொடுக்கிற வில்லங்கச் சான்று நினைவுக்கு வந்தது. எந்த அடமானமும் வழக்கும் நிலத்தின் மேல் இல்லை என்பார்களே, அதே வாசகம். நிலம் இருந்த இடத்தில் குடும்பத்தைப் போட்டார்கள். 'மேற்படி சீனிச்சாமி குடும்பத்தின் பேரில் கடந்த மூன்று தலைமுறைகளில் மனநோய் வில்லங்கம் ஏதும் இல்லை. நான்கெல்லைக்கு உட்பட்டது.'

கையெழுத்துக்கு முன் துணை வட்டாட்சியர் முறைப்படி கேட்டார். "வீட்டுல யாரு யாரும்மா?"

"அப்பா, அம்மா, நானு."

"ஆம்பளப் பிள்ளைக?"

"மூத்தவன் பட்டாளத்துல இருக்கான்."

அம்மாவின் அதே ராகம் தன் வாயிலிருந்து வந்ததைச் செல்வி கேட்டாள். எந்த வார்த்தையை இனி அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று படிக்கக் கிளம்பினாளோ, அதே வார்த்தை. இந்த ஒரு தடவைதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தேற்றிக்கொண்டிருப்பாள் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

அடுத்து 'இல்லச் சூழல் ஆய்வு'. பேராசிரியர் டாக்டர் இந்துவும் சுப்புராஜும் வீட்டுக்கே வந்து, விண்ணப்பதாரர் வளர்ந்த இடம் மனநலத்துக்கு உகந்ததா என்று பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து வீட்டை எடை போடுகிற சடங்கு வெள்ளத்தாய்க்கு ஒன்றுதான் தெரியும். அவள் அதையே செய்தாள். வீடு கழுவியாயிற்று, கேசரி கிண்டியாயிற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வந்தாயிற்று. செல்விக்குப் பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்தாயிற்று. அதற்கும் முன்னால், பாண்டிதுரை பையைத் தோளில் போட்டுக்கொண்டு போயாயிற்று. இந்தத் தடவை அவனை பஸ் ஏற்றிவிட்டது செல்வி. அவள் முகத்தைப் பார்த்து அவன்தான், "ஏட்டி, எதுக்கு அழுத? ரெண்டு நாள்தான?" என்றான்.

தெருப் பெண்கள் வாசலில் கூடி, மாப்பிள்ளை எந்தக் காரில் இருக்கிறான் என்று பார்த்தார்கள். சுப்புராஜைக் காட்டி, "வயசு கூடித் தெரியுதே" என்று ஒருத்தி கவலைப்பட்டாள்.

டாக்டர் இந்து கையில் தட்டச்சிட்ட அட்டவணை வைத்திருந்தார். "குடும்பத்துக்குள் ஒட்டுறவு எப்படி?" என்று கேட்டார்.

"எம்மவ நல்லாச் சமைப்பா. தைப்பா. ஸ்கூட்டர் ஓட்டுவா" என்றாள் வெள்ளத்தாய்.

"ஐயா, உங்களுக்குக் கோபம் வருமா?"

"வராது மேடம்! வந்ததே கிடையாது மேடம்!" என்று சீனிச்சாமி எழுந்து நின்று போட்ட சத்தத்தில் தெருவில் இருந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். 'தந்தை: சாந்தமானவர்' என்று டாக்டர் இந்து குறித்துக்கொண்டார். சுவரில் பாண்டிதுரை ராணுவ உடுப்பில் நிற்கும் படத்தைப் பார்த்துத் தலையசைத்து, 'தேசபக்தி உண்டு' என்று சேர்த்தார்.

வெயிலுக்கு அம்மா ஃபேனைப் போட்டுவிட்டாள். அது பாட்டுக்குச் சுற்றியது. அதற்குள்ளிருந்து யாரும் பேசவில்லை, அதற்கு யாரும் பதில் சொல்லவும் இல்லை. செல்வியால் அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"பொறவு தகவல் சொல்லி அனுப்புதோம்" என்றார் சுப்புராஜ், கையில் ஒட்டிய கேசரியைத் துடைத்துக்கொண்டே. அந்த வார்த்தையை எத்தனையோ மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து கேட்டிருந்த சீனிச்சாமிக்கு முகம் செத்துவிட்டது.

கார் தெருவைத் தாண்டியதும் செல்வி மாமனுக்கு போன் போட்டாள். அண்ணனைச் சாயங்காலமே கூட்டி வருகிறேன் என்றாள்.

"இங்க எங்க மருமவளே இருக்கான்?" என்றார் வேல்பாண்டி. "எம்மவ, ஒன் மதினி, பிரசவத்துக்கு வந்து, வீட்டுல கால் வைக்க எடம் இல்லை. அதான் யோசிச்சேன். நீ டோக்கன் கொடுத்த அந்த அகவொளி ஆஸ்பத்திரியிலயே படுக்கப் போட்டுட்டேன். கட்டிலு, சாப்பாடு, மாத்திரை, அம்புட்டும் இலவசம். ஃபேனும் இருக்கு."

"என்ன பேருல மாமா சேத்திய?"

"அவன் பேருல சேர்ப்பனா, நான் என்ன கூமுட்டையா? எம்மவன் சின்னப்பாண்டி திருப்பூர்லல்லா கெடக்கான், அவன் ஆதார் கார்டைக் கொடுத்துட்டேன். ஆதார் போட்டோவுல எவன் மூஞ்சி எவனுக்கு வெளங்குது? பாண்டிதுரைட்டயும் நல்லாச் சொல்லிட்டேன். 'இங்க நீ சின்னப்பாண்டி. செல்வின்னு யாரையும் ஒனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னன்னா அவ படிப்பு போயிரும்'னேன். 'ஆர்டர் மாமா'ன்னு சல்யூட் அடிச்சான். பாவம்."

ஆய்வுக்காரர்கள் மம்சாபுரத்தில் பாண்டிதுரை இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பாண்டிதுரை அவர்கள் வார்டில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அன்றைக்குப் பார்வை நேரம் முடிந்திருந்ததால் மறுநாள் விடிந்ததும் ஓடினாள். வார்டுக் கதவில் பூட்டு, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை. வாசலில் நோயாளிகளின் வீட்டார் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"கடைசிச் சுற்று வருதுல்லம்மா, நோயாளிப் பரிசோதனை" என்றார் சுப்புராஜ். "ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு நோயாளி. அப்ப வார்டுல இருக்கிறவங்கதான வினாத்தாள்? வினாத்தாள வெளிய விட முடியுமா? பார்க்கவிடத்தான் முடியுமா? போன வருஷம் ஒரு நோயாளி வெளிய வந்து டீ குடிச்சி, கேள்வி பூரா லீக்காகிப் போச்சு."

கான்சாபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மகனுக்குத் தோசை கொண்டுவந்திருந்தாள். கொடுக்கவாவது விடுங்கள் என்று கெஞ்சினாள். வினாத்தாளுக்கு வெளியாட்கள் உணவு கொடுக்க விதியில் இடமில்லை என்று சுப்புராஜ் சிரித்த முகமாகச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று செல்வி அந்த வாசலிலேயே நின்று யோசித்தாள். சொன்னால் சான்று பொய்யாகும். பால்சாமியின் வேலை போகும். அடுத்தவன் ஆதாரில் ஆள் சேர்த்த மாமன் மேல் கேஸ் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணனை வைத்துக் குடும்பமே ஏமாற்றியதாகப் பேப்பரில் வரும். தேர்வு முடியட்டும், முத்திரையை உடைத்ததும் முதல் ஆளாக உள்ளே போகலாம் என்று திரும்பினாள். அந்த வார்டில் இருபதுக்கு மேல் கட்டில் இருக்கிறது, தனக்கா அவன் வரப்போகிறான் என்றும் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குத்தான் அவன் வந்தான்.

கிட்டங்கியைத் தடுத்து அறையாக்கிய இடம். ஒரு பக்கம் டாக்டர் கௌதம்ராஜும் டாக்டர் இந்துவும். நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. "வினாவை அழைத்து வரலாம்" என்றார் இயக்குநர். ஊழியர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

வெளிறிய பச்சைச் சட்டை, அளவு சேராத கால்சட்டை. மீசையை மழித்துவிட்டிருந்தார்கள். பட்டாளத்தில் ஆசையாக வளர்த்து, எந்த மாத்திரைக் கலக்கத்திலும் அவன் சீவி வைத்துக்கொள்ள மறக்காத மீசை. அது இல்லாமல் அவன் முகம் பத்தாம் வகுப்புப் பையன் முகமாக இருந்தது; சுவரில் படத்தைப் பார்த்திருந்த டாக்டர் இந்துவுக்கே அடையாளம் தெரியவில்லை. செல்வியைப் பார்த்ததும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துக்கொண்டு, குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"வணக்கம் மேடம்."

செல்வியின் கையில் அச்சடித்த கேள்விகள். பிறந்ததிலிருந்து அவனை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"உக்காருங்க. உங்க பேரு என்ன?"

"சின்னப்பாண்டி மேடம்."

"ஊரு?"

"செட்டியார்பட்டி மேடம்." ஒவ்வொரு பதிலையும் ஒப்பிக்கிற பிள்ளைபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்க்காமல் இருக்க அவன் படுகிற பாட்டைச் செல்வி கழுத்து நரம்பில் பார்த்தாள். மேஜர் அந்த நேரம் என்னவெல்லாம் கத்தினாரோ, தெரியாது.

அடுத்த கேள்வி தாளில் இருந்தது. அதைத் தாண்டிப்போக முடியாது.

"கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல மேடம். நான் ஒருத்தன்தான்."

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றது ஏறாத இறங்காத குரல். "எவ்வளவு வறண்ட பதில்! உறவு என்ற உணர்வே இல்லை. பாசம் என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள்?"

செல்வி பேனாவை எடுத்தாள். போதும், எல்லாம் போகட்டும், இவன் என் அண்ணன் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உதடு அசைந்ததை அவன் பார்த்துவிட்டான். சின்ன வயதிலிருந்து அவள் அழுவதற்கு முன்பே கண்டுபிடிக்கத் தெரிந்தவன். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, இயக்குநரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"சார்! இந்த மேடத்த எனக்குத் தெரியாது சார்! இன்னைக்குத்தான் மொதத் தடவையாப் பாக்கேன் சார்!"

டாக்டர் கௌதம்ராஜின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா! இதை யாராவது கேட்டோமா? கேட்காத கேள்விக்குப் பதில். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது. இவ்வளவு நல்ல வினா இந்த வருஷம் வேறு யாருக்கும் அமையவில்லை, நீங்கள் கொடுத்து வைத்தவர். எழுதுங்கள்."

அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். எழுது என்கிற கெஞ்சல். மாரிச்செல்வி எழுதினாள். 'உடன்பிறந்தோர்: இல்லை. பாசம்: காணப்படவில்லை.'

ஊழியர் வந்து அவன் கையைப் பிடித்தார். கதவருகே போனவன் நின்றான்.

"மேடம், நான் சரியாச் சொன்னனா?"

செல்வி எழுந்துவிட்டாள். டாக்டர் இந்து கையை உயர்த்தி அவளை உட்காரச் சொன்னார். "நோயாளிக்கு உறுதி எதுவும் கொடுக்கக் கூடாது. கேள்வியை அவரிடமே திருப்ப வேண்டும். இதற்குத் தனி மதிப்பெண்."

செல்வி கேள்வியைத் திருப்பினாள். "உங்களுக்கு என்ன தோணுது?"

அவன் ஒரு கணம் நிஜமாகவே யோசித்தான். பிறகு மீசை இல்லாத முகம் பூராவும் சிரித்தான்.

"நீங்க பாஸாயிருவியன்னு தோணுது மேடம்."

நடக்கப்போவது தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நோயாளி நம்புவதாக இயக்குநர் அதைக் கோப்பில் சேர்த்து, மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் மாரிச்செல்வியின் பெயர் முதலாவதாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொண்டார் என்று டாக்டர் கௌதம்ராஜ் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சீனிச்சாமி வெகுநேரம் கைதட்டினார். வெள்ளத்தாய் சுப்புராஜுக்குப் பால்கோவா கொடுத்தாள். சுப்புராஜ் அதைத் தின்றுவிட்டுப் போய், அரக்கு முத்திரையை உடைத்தார்.

செல்வி உள்ளே ஓடினாள். பாண்டிதுரை ஓரக் கட்டிலில் கூடுதல் மாத்திரையின் கிறக்கத்தில் கிடந்தான். டாக்டரோ ஊழியரோ பக்கத்தில் இல்லை. தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அவன் முகத்தைக் கையில் ஏந்தினாள்.

"அண்ணே. அண்ணே, நான் செல்விண்ணே. பரீட்சை முடிஞ்சிருச்சு. வா, வீட்டுக்குப் போவோம்."

அவன் மெல்லக் கண்ணைத் திறந்தான். அவளை நன்றாக, ஆற அமரப் பார்த்தான்.

"யாருன்னு தெரியலையே மேடம்" என்றான்.

அவன் இன்னும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறானா, நிஜமாகவே அவள் அவனுக்கு இல்லாமல் போய்விட்டாளா என்று செல்விக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியில்தான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.